மாதாமாதம் மினிமம் கட்டுகிறேன். கடன் ஏன் குறையவில்லை?

கோவையிலிருந்து ஒரு வாசகி எழுதிய கடிதம் இது. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 34. 2022 வரை தனியார் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தார். இரண்டாவது குழந்தை பிறந்ததும், பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் வேலையை விட்டார். கணவர் பம்ப் தயாரிக்கும் கம்பெனியில் சூப்பர்வைசர். மாதம் 48,000 ரூபாய் கைக்கு வருகிறது. வாடகை, பள்ளி வேன், பைக் தவணை, ஊரில் அப்பா அம்மாவுக்கு அனுப்புவது எல்லாம் கணவர் பொறுப்பு. மளிகை, பால், காய்கறி, கேஸ், மருந்து, குழந்தைகளின் சில்லறைச் செலவு என்று இவர் கையில் 22,000 ரூபாய் வரும்.

வேலையில் இருந்தபோது வாங்கிய கிரெடிட் கார்டு இரண்டு இவர் பெயரில் இருக்கிறது. ஒன்றில் 1,62,000 ரூபாய் பாக்கி, இன்னொன்றில் 88,000 ரூபாய். முதல் கார்டில் "கொஞ்சம் பாக்கி இருக்கிறது" என்ற அளவுக்குக் கணவருக்குத் தெரியும். இரண்டாவது கார்டு இருப்பதே அவருக்குத் தெரியாது. வாங்கும் 22,000 ரூபாயில் 12,500 ரூபாயை இரண்டு கார்டுக்கும் மினிமம் தொகையாக (பில்லில் குறைந்தபட்சம் கட்டச் சொல்லும் தொகை) கட்டிவிடுகிறார். மீதிப் பணம் வீட்டுக்குப் போதாததால் மளிகையை மறுபடியும் கார்டிலேயே வாங்குகிறார். தெரிந்த செல்போன் கடையில் கார்டைத் தேய்த்து, நூற்றுக்கு மூன்று ரூபாய் கமிஷன் போக ரொக்கம் வாங்கியதும் உண்டு.

போன மாதம் சின்னவனுக்குக் காய்ச்சல். இரண்டாவது கார்டுக்குக் கட்ட முடியவில்லை. கெடு தேதி போய் சில நாட்களில், இரவு எட்டே காலுக்கு ஒரு போன். "நாளைக்குப் போலீஸோடு வீட்டுக்கு வருவோம். தாலியை வித்தாவது கட்டு" என்று பேசியிருக்கிறார் ஒருவர். மறுநாள் இவருடைய அண்ணனுக்கும் அதே ஆள் பேசியிருக்கிறார். "அன்றிலிருந்து காலிங் பெல் அடித்தாலே கை நடுங்குகிறது. சம்பாதிக்காத நான் இவ்வளவு கடன் வைத்திருப்பதை எந்த முகத்தோடு அவரிடம் சொல்வேன்?" என்று கேட்கிறார். போலீஸ் வருமா, கணவர் சம்பளத்தில் கை வைப்பார்களா, பாதித் தொகையில் முடித்துத் தருவதாகச் சொல்லும் கம்பெனியை நம்பலாமா, கணவருக்குத் தெரியாமல் நகையை வைத்து அடைத்துவிடலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அந்தப் போன்தான் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

போலீஸ் வருமா?

வராது. கிரெடிட் கார்டு பாக்கி சிவில் கடன். வாங்கிய கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் போவது குற்றம் இல்லை. வங்கி செய்யக்கூடியது, சிவில் நீதிமன்றத்திலோ, ஒப்பந்தத்தில் இடமிருந்தால் மத்தியஸ்தர் முன்போ வழக்குப் போட்டுத் தன் பக்கம் தீர்ப்பு வாங்குவது. அப்படியே தீர்ப்பு வந்தாலும், பணம் கட்டவில்லை என்பதற்காக ஒரு பெண்ணைக் கைது செய்யவோ சிவில் சிறையில் வைக்கவோ நீதிமன்றத்தால் உத்தரவிட முடியாது. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 56-வது பிரிவு இதை நேரடியாகச் சொல்கிறது.

அந்த ஆள் தாலியைப் பற்றிப் பேசினார் அல்லவா? அதே சட்டத்தின் 60-வது பிரிவைப் பாருங்கள். கடனுக்காக ஜப்தி செய்யக் கூடாத பொருட்களின் பட்டியலில் முதலில் வருவது உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை. அவற்றோடு சேர்த்து, மத வழக்கப்படி ஒரு பெண் தன்னிடமிருந்து பிரிக்கக் கூடாத நகைகள். நீதிமன்றமே தொட முடியாத ஒன்றை விற்கச் சொல்லி ஒருவர் போனில் மிரட்டியிருக்கிறார். எத்தனையோ பெண்கள் இதைக் கேட்டுப் பயந்து, அடுத்த நாளே கந்துவட்டிக்கு வாங்கிக் கட்டியதைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் பிரிவு எண்ணோடு எழுதுகிறேன்.

காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் வசூல் ஏஜென்டுகள் போன் செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் சொல்லியிருக்கிறது. மிரட்டுவது, அவமானப்படுத்துவது, குடும்பத்தாரையும் உறவினரையும் நண்பர்களையும் தொந்தரவு செய்வது எல்லாவற்றுக்கும் தடை உண்டு. உங்கள் அண்ணனுக்குப் பேசியதும் இதில் அடங்கும்.

ஆகவே அடுத்த முறை போன் வந்தால் பெயர், எந்த ஏஜென்சி, அடையாள அட்டை எண் மூன்றையும் கேளுங்கள். நேரத்தைக் குறித்து வையுங்கள். உங்கள் போனில் ரெக்கார்டிங் இருந்தால் பதிவு செய்யுங்கள். பிறகு வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லை என்றாலோ வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கியின் ஓம்பட்ஸ்மேனிடம் போகலாம். செலவு கிடையாது. 14448 என்ற எண்ணில் விவரம் கேட்டுக்கொள்ளலாம்.

இரண்டு எச்சரிக்கை மட்டும். சமாதானப்படுத்துவதற்காகக் காசோலை எதையும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். அது பணமில்லாமல் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவில் குற்ற வழக்காகிவிடும், அதுவரை சிவிலாக இருந்த விஷயம் அங்கேதான் மாறுகிறது. கணக்கில் பணம் இருக்காது என்று தெரிந்தே ஆட்டோ டெபிட்டுக்குக் கையெழுத்துப் போடுவதிலும் இதே ஆபத்து இருக்கிறது.

மினிமம் தொகை எங்கே போகிறது?

"ஒழுங்காகத்தான் மினிமம் கட்டினேன், கடன் ஏன் குறையவில்லை?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய ஸ்டேட்மெண்டை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

முதல் கார்டில் மாத வட்டி 3.75 சதவீதம். 1,62,000 ரூபாய்க்கு ஒரு மாத வட்டி 6,075 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 1,093 ரூபாய். ஆக மொத்தம் 7,168. நீங்கள் கட்டும் மினிமம் 8,100. கடனில் கழிவது வெறும் 932 ரூபாய். இரண்டாவது கார்டில் வட்டி 3.5 சதவீதம். வட்டியும் வரியும் சேர்த்து 3,634 ரூபாய் போய்விடுகிறது. 4,400 கட்டினால் 766 ரூபாய்தான் அசலில் குறைகிறது. வீட்டுப் பணத்தைச் சுரண்டி நீங்கள் கட்டும் 12,500 ரூபாயில் கிட்டத்தட்ட 10,800 ரூபாய் வட்டிக்கும் வரிக்கும் போகிறது. அசலுக்குப் போவது 1,700 ரூபாய். அதே மாதம் எட்டாயிரம், பத்தாயிரத்துக்கு மளிகையைக் கார்டில் வாங்கும்போது அந்த 1,700-ம் காணாமல் போய், கடன் மேலே ஏறுகிறது.

நம் ஊர்க் கணக்கில் சொன்னால் முதல் கார்டு மூணே முக்கால் ரூபாய் வட்டி. வரியைச் சேர்த்தால் நாலு ரூபாய் நாற்பது காசுக்கு மேல். வட்டிக்கடையில் மூன்று ரூபாய் வட்டி என்றாலே வேண்டாம் என்று திரும்பிவிடுவீர்கள்.

இன்னொரு தவறான நம்பிக்கையும் உங்கள் கடிதத்தில் இருக்கிறது. "மளிகைக்கு எப்படியும் 45 நாள் வட்டி இல்லைதானே" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சலுகை, போன பில்லை முழுதாகக் கட்டியவர்களுக்கு மட்டும். பாக்கி வைத்திருக்கும்போது, இன்று காலை தேய்த்த பருப்புக்கும் எண்ணெய்க்கும் இன்றிலிருந்தே வட்டி ஓடும். மினிமம் மட்டும் கட்டினால் கடன் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நீளும் என்ற எச்சரிக்கையை ஸ்டேட்மெண்டில் அச்சிட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. உங்கள் ஸ்டேட்மெண்டிலும் இருக்கிறது, இரண்டாம் பக்கத்தில் பொடி எழுத்தில். நீங்கள் அதைக் கவனிக்கவில்லை என்றால் உங்களைக் குறை சொல்ல மாட்டேன்.

"30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது சட்டவிரோதம், கேஸ் போடலாம்" என்று தோழி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். 2008-ல் தேசிய நுகர்வோர் ஆணையம் அப்படி ஒரு தீர்ப்புச் சொன்னது உண்மை. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. அந்த வழி இப்போது இல்லை.

இந்தக் கடன் யாருடையது?

சட்டப்படி உங்களுடையது. கார்டு உங்கள் பெயரில், கையெழுத்து உங்களுடையது. மனைவி வாங்கிய கார்டு கடனுக்குக் கணவர் என்ற ஒரே காரணத்தால் அவர் பொறுப்பாக மாட்டார். அவர் ஜாமீன் கையெழுத்துப் போடாதவரை அவருடைய சம்பளத்திலோ கணக்கிலோ வங்கி கை வைக்க முடியாது. ஆபீஸுக்கு வந்து கேட்கவும் உரிமை இல்லை. (அவர் பெயரில் கார்டு இருந்து, உங்களுக்கு ஆட்-ஆன் கார்டு வாங்கிக் கொடுத்திருந்தால் கதை தலைகீழ். நீங்கள் தேய்த்ததற்கும் அவர்தான் பொறுப்பாகியிருப்பார்.)

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. வீட்டுச் செலவுப் பணத்தைக் கணவர் போடும் உங்கள் சேமிப்புக் கணக்கு, முதல் கார்டு கொடுத்த அதே வங்கியில் இருக்கிறது. கார்டு தவணை தவறினால் அதே வங்கியிலுள்ள உங்கள் கணக்கிலிருந்து ஈடுகட்டிக்கொள்ளலாம் என்ற ஷரத்து பல கார்டு ஒப்பந்தங்களில் உண்டு. மாதம் பிறந்து பால்காரருக்குக் கொடுக்க வைத்த பணம் காணாமல் போனால் என்ன செய்வீர்கள்? இந்த மாதமே வேறு வங்கிக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

சட்டம் அப்படிச் சொல்கிறது. ஆனால் வீட்டுக்குள் இந்தக் கடன் யாருடையது என்பது வேறு கேள்வி. இதைத்தான் நான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல நினைக்கிறேன். கார்டில் என்னென்ன வாங்கினீர்கள் என்று ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறீர்கள். பள்ளிக் கட்டணம் 38,000. பெரியவனுக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் படுத்தபோது 31,000. வாஷிங் மெஷின் 24,000. நாத்தனார் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்குச் சீர் 40,000. மீதி மளிகையும் வட்டியும். உங்களுக்கென்று வாங்கியது என்று தேடினேன். ஒரு ஜோடிச் செருப்பும் இரண்டு நைட்டியும் இருந்தன.

ஒரு சம்பளத்தில் நான்கு பேர் வாழும் வீட்டில் மாதம் துண்டு விழுகிறது. அந்தத் துண்டை நீங்கள் சத்தமில்லாமல் உங்கள் பெயரில் எழுதிக்கொண்டே வந்திருக்கிறீர்கள். சீர் செய்ததில் மரியாதை இருவருக்கும் கிடைத்தது, கடன் மட்டும் உங்களுக்கு வந்தது. "சம்பாதிக்காத நான்" என்ற வார்த்தையைக் கடிதத்தில் மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். மனைவி வீட்டைப் பார்த்துக்கொள்வதால்தான் கணவரால் வெளியே போய்ச் சம்பாதிக்க முடிகிறது, அதனால் அப்படிச் சேர்த்த சொத்தில் மனைவிக்கும் பங்கு உண்டு என்று 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. சொத்துக்குப் பொருந்தும் நியாயம் கடனுக்கும் பொருந்தும் என்பது என் கருத்து. தப்பு உங்கள் பக்கம் உண்டு என்றால், அது இத்தனை நாள் சொல்லாமல் இருந்தது மட்டும்தான். அதைச் சரிசெய்துவிடலாம்.

எந்தக் கடனாக மாற்றுவது?

நாலு ரூபாய் வட்டியில் இருக்கும்வரை எவ்வளவு சிக்கனம் பிடித்தாலும் கடன் அடையாது. வட்டி குறைந்த இடத்துக்கு மாற்றுவதுதான் முதல் வேலை. உங்களுக்கு இருக்கும் வழிகளில் நகைக் கடனே சிறந்தது என்று நினைக்கிறேன்.

உங்களிடம் 11 பவுன் இருக்கிறது. இன்றைய தங்க விலைக்கு இரண்டரை லட்சம் வாங்க நான்கைந்து பவுனுக்கு மேல் வைக்க வேண்டியிருக்காது. வருமானச் சான்று தேவையில்லை, சிபில் மதிப்பெண்ணும் பெரிய தடையாக இருக்காது. ஆண்டுக்கு 9.5 சதவீத வட்டிக்குக் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 8,000 ரூபாய் கட்டினால் மூன்று வருடத்தில் மொத்தக் கடனும் முடியும். மூன்று வருடத்துக்கும் சேர்த்து வட்டி சுமார் 38,300 ரூபாய்தான் இருக்கும். இப்போது அந்த இரண்டு கார்டும் நான்கே மாதத்தில் உங்களிடமிருந்து இதைவிட அதிகம் வாங்குகின்றன.

நகைக் கடனிலும் விழ இடம் உண்டு. வருடக் கடைசியில் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைப்பது நம் ஊரில் வழக்கம். அப்படியே செய்தால் பத்து வருடம் ஆனாலும் நகை வீட்டுக்கு வராது. மாதத் தவணையாகக் கட்டும் வசதி இருக்கிறதா, இடையிடையே அசலில் கட்டலாமா என்று முதலிலேயே கேளுங்கள். எல்லா நகையையும் ஒரே கடனில் வைக்காமல் இரண்டு கடனாகப் பிரித்து வைத்தால், ஒன்று முடிந்ததும் பாதி நகை கைக்கு வந்துவிடும். அதைப் பார்க்கும்போது மீதியைக் கட்டும் தெம்பும் வரும். பொதுத்துறை வங்கியிலோ கூட்டுறவு சங்கத்திலோ விசாரித்துவிட்டு, கடைசியாகத் தனியார் நிறுவனங்களுக்குப் போங்கள். கல் நீக்கிய நிகர எடை ரசீதில் சரியாக இருக்கிறதா என்று கவுண்டரிலேயே பாருங்கள்.

நகை மாமியார் பீரோவில் இருக்கிறது, கேட்டால் காரணம் கேட்பார்கள் என்கிறீர்கள். சீதனம் முழுக்க மனைவியின் சொத்து, கணவருக்கு அதில் உரிமை கிடையாது என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் உறுதி செய்திருக்கிறது. ஆனால் மாமியாரிடம் போய்ச் சட்டம் பேசச் சொல்லவில்லை. கணவருக்குத் தெரிந்து, இருவரும் சேர்ந்து கேட்டால் அது வீட்டு விஷயமாகவே முடிந்துவிடும். அவருக்குத் தெரியாமல் வைப்பது மட்டும் வேண்டாம். ஒரு கல்யாணம் வந்தால் நகை எங்கே என்ற கேள்வி வரும். அன்றைக்குக் கடனைவிடப் பெரிய பிரச்சினை அதுவாக இருக்கும்.

நகை சரிப்படாவிட்டால், கணவர் பெயரில் தனிநபர் கடன். 16 சதவீதத்தில் மூன்று வருடத்துக்கு எடுத்தால் மாதத் தவணை சுமார் 8,800 ரூபாய், மொத்த வட்டி 66,000 ரூபாய் போல ஆகும். கார்டைவிட எவ்வளவோ மேல். ஆனால் உங்கள் பெயரில் இருந்த கடன் அவர் பெயருக்குப் போகிறது என்பதை அவர் புரிந்துகொண்டுதான் கையெழுத்துப் போட வேண்டும். கார்டு வங்கியிடமே பாக்கியை இ.எம்.ஐ. ஆக மாற்றித் தரச் சொல்வது இன்னொரு வழி. அசல், வட்டி, கட்டணம் எல்லாவற்றையும் எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே சரி சொல்லுங்கள்.

பாதிக்கு முடித்துத் தருகிறேன் என்ற கம்பெனிக்கு 15,000 ரூபாய் முன்பணம் கட்டிவிடாதீர்கள். கடனைத் தள்ளுபடி செய்து தருவதாகக் கட்டணம் வாங்கும் இப்படிப்பட்டவர்களைப் பற்றி ரிசர்வ் வங்கியே 2023 டிசம்பரில் எச்சரித்திருக்கிறது. இவர்கள் முதலில் சொல்வது "வங்கிக்குக் கட்டுவதை நிறுத்துங்கள்" என்பதுதான். நிறுத்தினால் வட்டி ஏறும், ஏஜென்டுகள் வருவார்கள், அதற்கும் இவர்களே கட்டணம் கேட்பார்கள். செட்டில்மெண்ட் வேண்டும் என்றால் நீங்களே வங்கியிடம் நேரடியாகப் பேசலாம். ஆனால் பாதித் தொகைக்கு முடித்தால் சிபில் அறிக்கையில் ‘செட்டில்டு’ என்று பதிவாகி, பல வருடம் நிற்கும். நாளைக்கு இருவரும் சேர்ந்து வீட்டுக் கடன் கேட்கும்போது அது குறுக்கே வரும். 11 பவுன் வைத்திருக்கும் உங்களுக்கு அந்த நிலை வரவில்லை.

மூன்று வருடம் கட்டாமல் இருந்தால் கடன் காலாவதி ஆகிவிடும் என்று அண்ணன் சொன்னதையும் விட்டுவிடுங்கள். வழக்குப் போட மூன்று வருடக் கெடு என்பது சரி. ஆனால் இடையில் நீங்கள் ஒரு தொகை கட்டினாலும், கடன் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தாலும் கெடு புதிதாகத் தொடங்கும். வங்கியும் அதுவரை சும்மா இருக்காது.

லோன் ஆப், கந்துவட்டி இரண்டையும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வேண்டாம். செல்போன் கடையில் தேய்த்து ரொக்கம் வாங்குவதும் இன்றோடு நிற்கட்டும். கமிஷன் ஒரு பக்கம், அன்றிலிருந்தே ஓடும் வட்டி மறுபக்கம். கார்டு ஒப்பந்தத்துக்கும் அது விரோதம். 5,000 ரூபாய் டெபாசிட் கட்டினால் வீட்டிலிருந்தே டைப்பிங் வேலை என்ற விளம்பரத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வேலை தருகிறவர் உங்களிடம் பணம் கேட்டால் அது மோசடி.

கணவரிடம் எப்படிச் சொல்வது?

இந்தத் திட்டத்தில் மாதம் 8,000 கடனுக்குப் போனால் வீட்டுச் செலவுக்கு மிஞ்சுவது 14,000. கார்டில் மளிகை வாங்குவதும் நின்றுவிடும். இப்போது உண்மையில் 18,000, 20,000 ரூபாய்க்கு நடக்கும் வீட்டை 14,000-ல் நடத்த உங்களால் முடியாது. அவர் பக்கத்திலிருந்து இன்னும் நாலைந்தாயிரம் வந்தாக வேண்டும், அல்லது இருவரும் சேர்ந்து எதையாவது குறைக்க வேண்டும். அவரிடம் சொல்லாமல் இதை முடிக்கவே முடியாது என்பதற்கு இந்தக் கணக்கே காரணம்.

குழந்தைகள் தூங்கிய பிறகு, அவர் சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருக்கும் நேரமாகப் பாருங்கள். சம்பள நாளுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்றால் நல்லது. ஒரு தாளில் மூன்றே வரி எழுதி எடுத்துப் போங்கள்: மொத்தப் பாக்கி இவ்வளவு, அது எதற்கெல்லாம் போனது, இதை இப்படி அடைக்கலாம். இரண்டாவது கார்டையும் அதே உட்காரலில் சொல்லிவிடுங்கள். பாதியைச் சொல்லி மீதியை அப்புறம் சொல்வது, முதலில் சொன்னதையும் அவர் நம்பாதபடி செய்துவிடும். "நான் தப்பு செய்துவிட்டேன்" என்று தொடங்காதீர்கள். "மாதம் எட்டாயிரம், பத்தாயிரம் துண்டு விழுகிறது, அதைக் கார்டில் போட்டுப் போட்டு இங்கே வந்து நிற்கிறது" என்று தொடங்குங்கள். அதுதான் நடந்தது.

அவருக்குக் கோபம் வரலாம். இரண்டு நாள் பேசாமல் இருக்கலாம். மறைத்தது வலிக்கும், அந்த வலிக்கு இடம் கொடுங்கள். ஆனால் நீங்கள் எழுதியதில் அவர் கை நீட்டுபவராகத் தெரியவில்லை. அப்படி ஒரு பயம் உங்களுக்கு இருந்து, அதைக் கடிதத்தில் எழுதாமல் விட்டிருந்தால், தனியாக இருக்கும்போது சொல்லாதீர்கள். அண்ணனை உடன் வைத்துக்கொள்ளுங்கள். 181 என்ற பெண்கள் உதவி எண் எப்போதும் இயங்கும்.

இனி எந்த வரிசையில்?

முதலில் இரண்டாவது கார்டைக் கவனியுங்கள். கெடு தேதியிலிருந்து 90 நாள் மினிமம்கூடக் கட்டாவிட்டால் அது வாராக்கடன் பட்டியலுக்குப் போய்விடும். அதற்கு முன் அந்தக் கார்டை முழுதாக அடைத்துவிட வேண்டும். நகைக் கடன் பணம் கைக்கு வந்த அன்றே இரண்டு கார்டுக்கும் கட்டிவிடுங்கள். கணக்கில் நான்கு நாள் கிடந்தால் வேறு செலவு வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கட்டுவதற்கு முன் வாடிக்கையாளர் சேவையை அழைத்து, ‘இன்றைய தேதிக்கு முழுதாக முடிக்க எவ்வளவு?’ என்று கேளுங்கள். ஸ்டேட்மெண்டில் இருக்கும் தொகையை மட்டும் கட்டினால், இடைப்பட்ட நாட்களின் வட்டி அடுத்த பில்லில் வந்து நிற்கும். அதைக் கவனிக்காமல் விட்டு, மறுபடி தாமதக் கட்டணத்தில் மாட்டியவர்கள் நிறைய.

பிறகு இரண்டாவது கார்டை மூடச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். பாக்கி எதுவும் இல்லை என்றால் ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும். தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் வீதம் உங்களுக்கு வங்கி தர வேண்டும் என்பது 2022 ரிசர்வ் வங்கி விதி. முதல் கார்டை வைத்துக்கொள்வதா என்பதை இருவரும் பேசி முடிவு செய்யுங்கள். வைத்துக்கொண்டால் லிமிட்டை 20,000 ரூபாய்க்குக் குறைக்கச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால், நகை வீடு திரும்பும் வரை கார்டே வேண்டாம்.

பாக்கி இல்லை என்ற கடிதத்தை இரண்டு வங்கியிடமும் கேட்டு வாங்குங்கள். ஒன்றிரண்டு மாதம் கழித்து சிபில் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். நாட்டில் இருக்கும் நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். மூடிய கார்டு இன்னும் பாக்கி என்று காட்டினால் அங்கேயே ஆன்லைனில் புகார் செய்யலாம்.

இதற்கிடையில் வக்கீல் நோட்டீஸோ லோக் அதாலத் (மக்கள் நீதிமன்றம்) அழைப்போ வந்தால் வாங்க மறுக்காதீர்கள். வாங்கிப் படித்து, கெடுவுக்குள் பதில் போடுங்கள். வக்கீல் வைக்கப் பணம் இல்லையே என்று யோசிக்க வேண்டாம். பெண் என்ற ஒரே தகுதி போதும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும் உங்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. 15100-க்குப் போன் செய்யலாம், அல்லது கோவை நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போகலாம். போகும்போது கடைசி ஆறு மாத ஸ்டேட்மெண்டும், அந்த ஏஜென்ட் பேசிய தேதியும் நேரமும் எழுதிய தாளும் கையில் இருக்கட்டும்.